ஒத்தை நரியா, கூட்டமா?

யாருக்காவது திடீர்னு அதிர்ஷ்டம் அடிச்சா "காலைல நரி மூஞ்சில முழிச்சியா?"ன்னு கேப்பாங்க இல்லையா. எங்க தெருவுல அப்படிக் கேக்கிற ஒருத்தர்கூட நரி மூஞ்சியை நேர்ல பார்த்தவங்க கிடையாது. நானும் ஒரே ஒரு தடவைதான், போளூர் ரோட்டுல பைக் வெளிச்சத்துல அரை செகண்ட். அன்னைக்கு அதிர்ஷ்டம் எதுவும் வரலை, பெட்ரோல்தான் தீர்ந்து போச்சு :-)

இந்தப் பதிவு நரி மூஞ்சியைப் பத்தி இல்லை. நரிக் குரலைப் பத்தி. கொஞ்சம் நீளம், காபி எடுத்துட்டு உட்கார்ந்துடுங்க மக்களே.

வேங்கிக்கால்ல எங்க வீட்டு மாடி ரூம்தான் எனக்கு ஆபீஸ். ராத்திரியானா அமெரிக்காக்காரங்களோட மீட்டிங். எங்க டீம்ல டெக்சாஸ்காரர் ஒருத்தர் இருக்கார், ஐம்பது வயசைத் தாண்டினவர். வாரம் பூரா டேட்டாபேஸ் பார்ப்பார், சனி ஞாயிறு கயோட்டி வேட்டைக்குப் போயிடுவார். கயோட்டின்னா வட அமெரிக்காவுல இருக்கிற, நம்ம நரிக்கு ஒண்ணுவிட்ட பங்காளி. கொஞ்சம் பெருசு, கொஞ்சம் கால் நீளம். டெக்சாஸ்ல அதைச் சுட சீசன் கணக்கே கிடையாதாம். வருஷம் பூரா சுடலாம்.

அவங்க அதைத் தேடிப் போறதில்லை. கூப்பிடறாங்க. பிளாஸ்டிக்ல ஒரு சின்ன ஊதல். ஒருநாள் மீட்டிங்ல மத்தவங்க வர்றதுக்குள்ள அதைக் கேமரா முன்னாடி ஊதிக் காட்டினார். முயலை ஏதோ கவ்வினா அது எப்படி அலறுமோ அந்தச் சத்தம். கீழேருந்து எங்க ஆயா, "இன்னாடா அது, யாரு வூட்டுக் கொழந்தை இப்பிடி அழுவுது?"ன்னு ஒரே கத்தல்.

எனக்கு ஒரு டவுட்டு. கூப்பிட்டா ஒண்ணு வருமா, கூட்டமா வருமா? கேட்டேன். சிரிச்சார். வேட்டைக்காரங்களுக்குள்ள தீராத சண்டையே இதுதானாம். ஒருத்தர் தனியாத்தான் வரும்பார், இன்னொருத்தர் ஜோடியாத்தான் வரும்பார், மூணாமவர் எட்டைப் பார்த்தேன்னு அடிச்சுச் சொல்வார். இவர் கணக்கு வேற: அது மாசத்தைப் பொறுத்தது, நாம என்ன சொல்லிக் கூப்பிடறோம்ங்கிறதையும் பொறுத்தது. முயல் அலறின மாதிரி ஊதினா பசியில இருக்கிறது வரும், அது தனியா இருக்கலாம். இன்னொரு கயோட்டி ஊளையிடற மாதிரி கூப்பிட்டா, அந்த இடத்துக்குச் சொந்தக்காரங்க வருவாங்க. புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருமா, "எவன்டா அது எங்க எடத்துல"ன்னு. அதனால ஒண்ணு வந்து நின்னா உடனே எழுந்திரிச்சிடக் கூடாதாம். ரெண்டாவது பின்னாடி புதர்ல, காத்து வர்ற பக்கம் பார்த்துச் சுத்தி வந்துட்டிருக்கும்.

சும்மா வேட்டைக்காரர் பேச்சுதானேன்னு தேடிப் பார்த்தேன். சிகாகோ நகரத்துல 2000-லேருந்து கயோட்டிகளுக்கு ரேடியோ பட்டை கட்டிப் பின்தொடர்ந்து ஆராய்ச்சி நடக்குது. 2012-ல் மரபணுச் சோதனை முடிவை வெளியிட்டாங்க. ஜோடி சேர்ந்ததுகள்ல ஒண்ணுகூட வேற துணை தேடிப் போகலை. சாகிற வரைக்கும் ஒரே ஜோடி. வெயிலும் மழையும் சேர்ந்து அடிச்சா காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம்னு நாம சொல்றோமே, காக்காய் பாவம், நரி குடும்பத்துல வேற யாருக்கும் இடமில்லை.

சரி, மேட்டருக்கு வர்றேன். டெக்சாஸ்காரருக்கு இது ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்கு. எனக்கு இந்தக் கேள்வி அவசரமானது எங்க மாமாவால.

மாமாவோட கொல்லை போளூர் ரோட்டுலேருந்து உள்ளே தள்ளி இருக்கு. மல்லாட்டை போட்டிருந்தார். ஒரு மோட்டார் கொட்டாய், பக்கத்துல நாட்டுக்கோழிக்கு ஓலைக் கொட்டாய். போன ஆடி மாசம் ஒரே மாசத்துல பதினோரு கோழி போச்சு. கிலோ என்ன விலை விக்குதுன்னு உங்களுக்கே தெரியும். சாயங்காலம் ரோட்டுல 108 ஆம்புலன்ஸ் சைரன் போட்டுட்டுப் போனா போதும், ஏரிப் பக்கத்துக் கரம்புலேருந்து பதிலுக்கு ஊளை. (இது உலகம் பூரா நரிகளுக்கு உள்ள வழக்கம், சைரனுக்குக் கூடச் சேர்ந்து பாடும்.) கேட்டா உடம்பு சிலிர்க்கும். மாமா, "பத்துப் பதினஞ்சு இருக்கும்டா. இன்னிக்குக் கோழி, நாளைக்கு ஆட்டுக்குட்டி"ன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, செத்த கோழி வயித்துல குருணை மருந்தை வெச்சு வரப்புல போடப்போறதாச் சொன்னார்.

மாமா கெட்டவர் இல்லைங்க. கெணத்துல விழுந்த பாம்பைக்கூடக் கூடை விட்டுத் தூக்கி விடற ஆளு. ஆனா பதினஞ்சு நரின்னு மனசுல விழுந்துட்டா அப்புறம் கை மருந்துக்குத்தான் போகும். அந்த மருந்து நரியோட நிக்கிற சமாச்சாரம் இல்லை. அந்தக் கோழியைத் தின்ன நாய், நரியைத் தின்ன காக்கா, மேய வந்த மயில், எல்லாம் வரிசையாப் போகும். சட்டப்படியும் தப்பு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல நரி பாதுகாக்கப்பட்ட விலங்கு. இதையெல்லாம் சொன்னேன். "நரி உன் கோழியைத் தின்னிருந்தா நீ சட்டம் பேசுவியா?"ன்னு கேட்டார். நியாயமான கேள்விதான்.

அப்பதான் பாசிமணி விக்கிற பெரியவர் ஞாபகம் வந்தது. கிரிவலப் பாதையில பௌர்ணமிக்குப் பௌர்ணமி துணி விரிச்சு உட்கார்ந்திருப்பார். எழுபது வயசுக்கு மேல இருக்கும். அம்மா அவர்கிட்டதான் ஊசி, கருகமணி வாங்குவாங்க. நரிக்குறவர். நாமதான் அந்தப் பேரைச் சொல்றோம், அவங்க தங்களை வாக்ரின்னு சொல்லிப்பாங்க. வீட்டுல பேசறது வாக்ரிபோலி, குஜராத்தி மராத்திக்குச் சொந்தமான பாஷை. நரி பிடிச்சதால அந்தப் பேர். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் ஏழு தொகுதியா வெளியிட்ட தென்னிந்திய சாதிகள் பத்தின புத்தகத்துலயே, இவங்க நரி மாதிரி குரல் கொடுத்து வரவழைச்சு வலையில பிடிப்பாங்கன்னு இருக்கு. டெக்சாஸ்காரர் ஊதலை வெச்சுப் பண்றதை இவங்க வெறும் தொண்டையில பண்ணியிருக்காங்க.

விஷயத்தைச் சொன்னதும் பெரியவர் முகம் மாறிப்போச்சு. "பாரஸ்ட்காரங்க கிட்ட சொல்லிடுவியா சாமி?"

இல்லவே இல்லை தாத்தா, நரியைப் பிடிக்க வேணாம், எத்தனை இருக்குன்னு தெரிஞ்சா போதும்னேன். ரொம்ப நேரம் மணி கோத்துக்கிட்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "கூப்புட மாட்டேன். கேக்கறேன். அதுக்குக் கேஸ் கெடையாது இல்ல?"

ஆவணியில ஒரு சாயங்காலம் கூட்டிட்டுப் போனேன். மாமா, நான், அவர், மூணு பேரும் மோட்டார் கொட்டாய்த் திண்ணையில. மாமாவுக்கு உள்ளூர நம்பிக்கை இல்லை, மரியாதைக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஆறரை மணி இருக்கும், ரோட்டுப் பக்கம் சைரன். அது அடங்கறதுக்குள்ள ஆரம்பிச்சது. மொதல்ல ஒரு நீளக் குரல், மேலே ஏறி ஏறிப் போச்சு. அதுமேல இன்னொண்ணு. அப்புறம் கீச்சுக் கீச்சுன்னு சிரிப்பு, அழுகை, சண்டை எல்லாம் கலந்து ஒரே களேபரம். என்னைக் கேட்டா பதினஞ்சுகூடக் கம்மின்னுதான் சொல்லியிருப்பேன்.

பெரியவர் கண்ணை மூடிட்டு மூணு விரலைத் தூக்கினார்.

"மூணுதானா?" மாமா கேட்டார்.

"ரெண்டுதான் சாமி. மூணாவது போன வருசத்துக் குட்டி. தொண்டை இன்னும் ஒடையல."

எப்படித் தெரியும்? அவர் சொன்னதை அப்படியே தர்றேன்: "சத்தத்தை எண்ணாத. மூச்சு வாங்கற எடத்தை எண்ணு. ஒருத்தன் எத்தினி கொரல் மாத்திக் கத்தினாலும் மூச்சு ஒரு வாயிலதான வாங்கணும்?"

எனக்குப் புல்லரிச்சிடுச்சு. ஏன்னா இதே விஷயத்துக்கு ஆராய்ச்சிக்காரங்க பெரிய பேர் வெச்சிருக்காங்க. 1924-ல் வந்த 'போ ஜெஸ்ட்'னு ஒரு இங்கிலீஷ் நாவல். பாலைவனக் கோட்டையில சிப்பாய்ங்க ஒவ்வொருத்தரா சாவாங்க. செத்தவங்களையே சுவர்மேல நிக்க வெச்சு, ஆள் குறையாத மாதிரி எதிரிக்குக் காட்டுவாங்க. 1977-ல் ஜான் கிரெப்ஸ்ங்கிற விஞ்ஞானி இந்தப் பேரைப் பறவைப் பாட்டுக்கு வெச்சார். ஒரே குருவி விதவிதமாப் பாடினா, புதுசா வர்றது 'இங்கே நிறைய பேர் இருக்காங்க, இடமில்லை'ன்னு போயிடும்ங்கிறது அவர் யோசனை. பிற்பாடு அதையே கயோட்டிக்கும் பொருத்திப் பார்த்தாங்க. ரெண்டு கயோட்டி சுருதியை வேகவேகமா மாத்தி, மேடு மரம் எல்லாம் எதிரொலிக்கக் கத்தினா, கேக்கிறவனுக்கு ஏழெட்டாத் தோணும். நரி நம்மளை ஏமாத்தணும்னு கத்தலை. பக்கத்து எல்லை நரிக்குச் சொல்லுது. நாம நடுவுல புகுந்து ஏமாந்துக்கறோம்.

கிரீஸ் நாட்டுல 2000-களோட தொடக்கத்துல இதைத் திருப்பிப் போட்டு நரிக் கணக்கெடுப்பே நடத்தினாங்க. ஸ்பீக்கர்ல நரி ஊளையைப் போடறது, சில நிமிஷம் காத்திருக்கிறது, எந்தத் திசையிலேருந்து எத்தனை கூட்டம் பதில் சொல்லுதுன்னு குறிக்கிறது. பெரியவர் அவங்களுக்கு ஆலோசகராப் போயிருக்கலாம், ஹும்.

டீ குடிச்ச தைரியத்துல பெரியவர் பழைய கதையை அவுத்தார். மொதல்ல தனி நரி மாதிரி ஒரே ஒரு குரல். அப்புறம் பொறுமை. பதில் இல்லைன்னா அந்த இடத்தை விட்டுடணும். பதில் வந்தா அது ஒரு மூச்சா ரெண்டு மூச்சான்னு பார்க்கணும். ரெண்டுன்னா ஜோடி, இது அவங்க வீடு. அப்புறம் வலையைக் கட்டிட்டு, ரெண்டு நரி தீனிக்கு அடிச்சுக்கிற மாதிரி உறுமி, கடிச்சு, கத்தணும். "நம்ம எடத்துல எவனோ திங்கறான்னு கோவமா ஓடி வரும் சாமி. அது தைரியத்துல வருது, நாங்க வலையில புடிக்கறோம்." குட்டி அழற மாதிரியும் கூப்பிடத் தெரியும். ஆனா அப்படிக் கூப்பிட்டா ஆத்தா மட்டும் விழுந்தடிச்சு வரும்ங்கிறதால, அவங்க அப்பா அதுக்கு அடிப்பாராம். அதைச் சொல்லும்போது குரலே இறங்கிப்போச்சு.

மாமா அதுவரைக்கும் பேசலை. "ரெண்டோ மூணோ, கோழி போகுதுல்ல?"ன்னார்.

பெரியவர் சொன்னது: "இது ரெண்டும் போனா எடம் காலியா இருக்கும்னு நெனைக்கறியா? வேற எடத்து நரி வரும். அதுக்கு உன் நாயும் தெரியாது, உன் வேலியும் தெரியாது. எல்லாத்தையும் புதுசா கடிச்சுப் பாக்கும்."

அமெரிக்க அரசோட வனவிலங்குத் துறை 2021-ல் மட்டும் 64 ஆயிரத்துக்கு மேல கயோட்டிகளைக் கொன்னிருக்கு. தனியார் வேட்டைக்காரங்க கொன்னது தனிக் கணக்கு. இப்படி நூறு வருஷத்துக்கு மேல கொன்னும் கயோட்டி குறையலை, முன்ன இல்லாத கிழக்கு மாகாணங்கள் வரைக்கும் பரவியிருக்கு. இடம் பிடிச்சு உட்கார்ந்த ஜோடி போனா, எல்லைக்காக அலையற இளசுகள் உள்ளே வருது. இதை நான் மாமாகிட்ட சொன்னப்ப கொட்டாவி விட்டார். பெரியவர் ரெண்டு வரியில சொன்னப்ப தலையை ஆட்டினார். படிச்ச படிப்புக்கு இதான் மரியாதை :-(

அந்த மூணாவது குட்டி ஏன் கூடவே இருக்குன்னும் சொல்லிடறேன். நரி ஜோடியோட போன ஈத்துப் பிள்ளைகள்ல ஒண்ணு ரெண்டு ஒரு வருஷம் வீட்டோட தங்கி, தம்பி தங்கச்சிக்கு இரை கொண்டு வந்து கொடுக்கும், காவல் காக்கும். ஆப்பிரிக்காவுல கருமுதுகு நரிகளை வெச்சு பட்ரிஷியா மோல்மன் 1979-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில, இப்படி உதவிக்கு ஆள் இருக்கிற குடும்பத்துல அதிகக் குட்டிகள் பிழைச்சது. அதே செரெங்கெட்டியில நம்ம ஊர் நரி ஜாதின்னு நினைச்சு எழுதின இன்னொண்ணு, 2015-ல் மரபணு பார்த்ததும் நரியே இல்லை, தனி ஓநாய் இனம்னு ஆயிடுச்சு. பேர் வைக்கிறதுல நாம மட்டும் குழம்பலை. நம்ம ஊர்ல நரி, குள்ளநரி, வங்காநரின்னு மாத்தி மாத்திச் சொல்லி, அதை இங்கிலீஷ்ல இன்னொண்ணா மொழிபெயர்த்து, கடைசியில எந்த மிருகம்னு யாருக்கும் தெரியாம வெச்சிருக்கோம்.

ஆக, இரை தேடப் போறப்ப தனியாவோ ஜோடியாவோ போகும். பாடறப்ப குடும்பமா. பெருங்கூட்டம்ங்கிறது குப்பைமேடு, செத்த மாடு மாதிரி தீனி குவிஞ்ச இடத்துல மட்டும், பந்திக்கு வந்த கூட்டம் மாதிரி. முடிஞ்சதும் அவங்கவங்க வழி.

ஆனா நம்ம மனசுல நரின்னாலே படை, படைக்கு ஒரு தலைவன். மாணிக்கவாசகருக்காக சிவன் நரிகளைப் பரியாக்கின கதையில கூட்டம் கூட்டமாத்தான் வருது. (அவர் திருவெம்பாவை பாடினது எங்க ஊர்லன்னு சொல்வாங்க, அடி அண்ணாமலையில அவருக்குக் கோயிலும் இருக்கு.) நரிக்கொம்பு நம்பிக்கையும் இதேதான். இலங்கையில அதிகாரியா இருந்த எமர்சன் டென்னன்ட் 1861-ல் எழுதின புத்தகத்துல, நரிக்கூட்டத்துத் தலைவன் மண்டையில மட்டும் மயிருக்குள்ள சின்னக் கொம்பு முளைக்கும், அதை வெச்சிருந்தா நினைச்சது நடக்கும்னு சிங்களவரும் தமிழரும் நம்பறதா எழுதியிருக்கார். இன்னைக்கும் அதுக்காக ஆள் அலையுது. விக்கிறதுல பெரும்பாலும் போலி. தலைவனே இல்லாத இடத்துல தலைவன் கொம்பு எங்கேருந்து வரும்? அங்கே இருக்கிறது ஒரு அப்பா, ஒரு அம்மா, வீட்டை விட்டுப் போகாத ஒரு பிள்ளை.

சேலம் வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்கு வங்காநரியைப் பிடிச்சுட்டு வந்து ஊர் நடுவுல ஓடவிட்டு முகம் பார்க்கிற வழக்கம் இருந்தது, வனத்துறை தடுத்து அபராதமும் போட்டிருக்கு. அதுலகூடக் கடைசியில நரியைத் திரும்பக் காட்டுல விட்டுடுவாங்க. 2021 ஜனவரியில திருச்சிப் பக்கம் நடந்தது அப்படியில்லை. இறைச்சிக்குள்ள நாட்டு வெடியை வெச்சு ஒரு நரியைக் கொன்னதா பன்னிரண்டு பேரைக் கைது பண்ணினாங்க. வாய் சிதறிப்போன அந்தப் படத்தைப் பார்த்திருப்பீங்க. குரல் கொடுத்துக் கூப்பிடறவனுக்கு நரியோட வீடு, மாசம், மூச்சு எல்லாம் தெரிஞ்சிருக்கணும். வெடிக்கும் குருணைக்கும் எதுவும் தெரிய வேணாம். அதுக்காக வலையில விழுந்த நரிக்கு அது இனிச்சிருக்கும்னு சொல்ல வரலை. பெரியவரே அதை நல்லதுன்னு சொல்லலை, வயித்துக்குன்னுதான் சொன்னார்.

மாமா ரெண்டு நாள் யோசிச்சார். மூணாம் நாள் டவுனுக்குப் போய் கம்பி வலை வாங்கிட்டு வந்து ஓலைக் கொட்டாயைச் சுத்தி அடிச்சார், அடியில அரை அடி மண்ணுக்குள்ளயும் இறக்கினார். நாலாயிரத்துச் சொச்சம் ஆச்சு. அந்தக் காசுக்கு இத்தனை கோழி வாங்கியிருக்கலாம்னு இன்னும் கணக்குச் சொல்லிட்டுத்தான் இருக்கார். குருணை பாக்கெட்டு பரண் மேல இருக்கு, தூக்கிப் போடலை. ஆனா மல்லாட்டைக்கு எலி ஜாஸ்தியாச்சுன்னா நரி வேணும்னு அவரே சொல்ல ஆரம்பிச்சிருக்கார்.

பெரியவருக்கு ஏதாவது தரணும்னு போனேன். காசு வாங்கலை, பேரனுக்கு சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் நிரப்பித் தரச் சொன்னார். நரிக்குறவர், குருவிக்காரரைப் பழங்குடி பட்டியல்ல சேர்க்கணும்னு லோகூர் கமிட்டி சொன்னது 1965-ல். நாடாளுமன்றம் சட்டம் நிறைவேத்தினது 2022 டிசம்பர்ல. பெரியவர் பையனா இருந்தப்ப ஆரம்பிச்சது, பேரனுக்கு வந்து சேர்ந்திருக்கு. கலெக்டர் ஆபீஸ் எங்க வேங்கிக்கால்லயே இருக்கிறதால ரெண்டு நடை கூட நடந்தேன், பெருசா ஒண்ணும் பண்ணலை.

அப்பதான் ஆசையா கேட்டேன். தாத்தா, ஒரே ஒரு தடவை கூப்பிடுங்க, போன்ல பதிஞ்சு வெச்சுக்கறேன்.

"பதிஞ்சா நீயே கூப்புடுவியே சாமி. அது வந்து பாக்கும். எவனும் இருக்க மாட்டான். எதுக்கு அதை அலைய விடற?"

பேரனுக்காவது சொல்லிக் கொடுத்தீங்களான்னு கேட்டேன். சிரிச்சார். பேரன் போன்ல எவனோ வெள்ளைக்காரன் பிளாஸ்டிக் ஊதல் ஊதற வீடியோவைத் தாத்தாவுக்குப் போட்டுக் காட்டினானாம். பார்த்துட்டு, "இவன் எதுக்குக் கீழ்க்காத்துல ஒக்காராம மேட்டுல ஒக்காந்திருக்கான்?"னு கேட்டிருக்கார். அந்தக் கேள்வியை டெக்சாஸ்காரருக்கு அனுப்பி வெச்சேன். பெரியவர் சொன்னதுதான் சரின்னு பதில் வந்தது.

கார்த்திகை தீபம் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு மாமா போன் பண்ணினார். மல்லாட்டை விலை, மோட்டார் ரிப்பேர்னு எதெதையோ பேசிட்டு, வைக்கிறதுக்கு முன்னாடி, "டேய், நாலு நாளா ரெண்டு மூச்சுதான்டா கேக்குது. அந்தக் குட்டி கெளம்பிடுச்சு போல"ன்னார்.